மீன் தொட்டிக்கும் ஒரு கலிங்கு வேண்டும்

கலிங்கு இல்லாத ஏரி ஒரு பெருமழைக்கு மேல் நிலைத்திராது என்பதைச் சிற்றூர்களில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கலிங்கு என்றும் மறுகால் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் அதன் வேலை ஒன்றே. ஏரி கொள்ளாத நீர், கரையை அரிக்காமல், நாம் குறித்த இடத்தில், நாம் குறித்த மட்டத்தில் வெளியேற வேண்டும். வீட்டுப் புறக்கடையில் கட்டப்படும் மீன் தொட்டிக்கும் இவ்விதி அப்படியே பொருந்தும். ஆயினும் தொட்டி கட்டுவோர் பலர் நீர் வரும் வழியைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு அது போகும் வழியைப் பற்றி யோசிப்பதில்லை. அதனைக் கொத்தனாரிடம் விட்டுவிடுகின்றனர். அவரும் சுவரின் மேல் விளிம்புக்கு அருகே முக்கால் அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்துப் பூச்சு வேலையை முடித்துவிடுகிறார்.

சென்னையைச் சார்ந்த கொளத்தூர் வண்ணமீன் தொழிலுக்குப் பெயர் பெற்றது. இத்தொழில் இன்று உள்நாட்டுச் சிற்றூர்களிலும் பரவி வருகிறது. 2020ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், கொல்லைப்புறத்தில் வண்ணமீன் வளர்ப்பதும் உதவிக்குரிய தொழில்களுள் ஒன்றாக வைக்கப்பட்டது. மகளிர் குழுவினர் கடன் பெற்று நான்கைந்து சிமெண்டுத் தொட்டிகள் கட்டி, கப்பி, மோலி, தங்கமீன் முதலியவற்றை வளர்க்கின்றனர். குஞ்சுகள் விற்பனைக்கு ஏற்ற அளவை எட்ட மூன்று நான்கு மாதங்கள் ஆகின்றன. அத்தனை நாள் உழைப்பும் ஒரே இரவில் தொட்டியின் விளிம்பைத் தாண்டிச் சாக்கடைக்குப் போய்விடக்கூடும். கடன் தவணையோ மழைக்காகக் காத்திராது. ஆதலின் உபரிநீர்க் குழாயைச் செவ்வனே அமைக்கும் முறையையும், அதில் நேரும் பழுதுகளைக் கண்டறியும் வகையையும் இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

எவ்வளவு நீர் வெளியேற வேண்டும்?

10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 60 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் அத்தொட்டியில் ஏறத்தாழ 560 லிட்டர் நீர் விழும். அடுத்துள்ள 200 சதுர அடித் தகரக் கூரையின் நீரும் அதில் வந்து இறங்குமாயின், அதனால் மட்டும் இன்னும் 1,800 லிட்டருக்கு மேல் சேரும். எனவே கூரை நீரைத் தொட்டிக்கு வரவிடாமல் வேறு பக்கம் திருப்பிவிடுவதே முதற் பணியாகும். இதற்குச் செலவு அதிகமில்லை. ஒரு தகரத் தாழ்வாரம் போதும்.

மோட்டார் தரும் நீரை அளப்பதும் எளிது. 15 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து, அது நிரம்பக் கடிகாரத்தில் எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 20 வினாடியில் நிரம்பினால் மணிக்கு 2,700 லிட்டர் வருகிறது என்று பொருள். மோட்டாரை ஓடவிட்டு மறந்துபோவது எல்லா வீடுகளிலும் நடப்பதே. உபரிநீர்க் குழாய் அந்த மறதியையும் தாங்குமாறு இருத்தல் வேண்டும்.

சுவரில் படுக்கை வாட்டில் பதித்த முக்கால் அங்குலக் குழாய், நீர் அதன் வாயை மூடி அரை அங்குலம் நின்றாலும், மணிக்குச் சில நூறு லிட்டர்தான் வெளியேற்றும். மேற்சொன்ன மழைக்கே இது போதாது. தொட்டிக்குள் செங்குத்தாக நிற்கும் குழாயின் நிலை வேறு. அதன் வாய் விளிம்பு முழுவதுமே வட்டமான ஒரு கலிங்காகும். 2 அங்குலக் குழாயின் விளிம்பு, வளைத்து அளந்தால் 6 அங்குல நீளத்துக்குக் குறையாது. அவ்விளிம்பின்மேல் நீர் அரை அங்குலம் ஏறி வழியும்போது மணிக்கு ஏறத்தாழ 1,300 லிட்டர் இறங்கும். 3 அங்குலக் குழாயாயின் 2,000 லிட்டர் வரை இறங்கும். வழியும் நீரின் உயரம் இரு மடங்கானால் இறங்கும் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகும் என்பதையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். நீர் விளிம்பில் வழிந்து விழும் வரையில்தான் இக்கணக்கு செல்லும்; குழாயின் வாயே மூழ்கிவிட்டால் அதன்பின் இறங்கும் அளவு இவ்வாறு விரைந்து ஏறாது. நம் ஏரிகளின் கலிங்குகள் நீண்டு கிடப்பதற்குக் காரணமும் இதுவே. கலிங்கு நீளமாக இருந்தால் நீர் கரைமேல் அதிகம் ஏறாமலே வெள்ளம் கடந்துவிடும்.

அளவைவிட அடைப்பே பெரும் பகை

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் தொட்டி அங்கே இருந்திருந்தால், சராசரியாக மணிக்கு 220 லிட்டர் நீர்தான் அதில் விழுந்திருக்கும். வாய் திறந்துள்ள 2 அங்குலக் குழாய்க்கு இது ஒரு சுமையே அன்று. ஆனால் அதே குழாயின் வாயில் நான்கு வேப்பிலைக் கொத்துகளும் ஒரு கைப்பிடிப் பாசியும் படிந்துவிட்டால் என்னாகும்? நீர்மட்டத்துக்கும் சுவர் விளிம்புக்கும் இடையே விட்டிருந்த அரை அடி இடைவெளி நான்கு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதன்பின் மீன்கள் விளிம்பைத் தாண்டும். ஓடும் நீரை எதிர்த்துப் பாய்வதும் அதனோடு செல்வதும் மீனின் இயல்பாதலால், மேலே வழியும் நீரை அவை தேடியே வரும்.

ஆகவே 2 அங்குலத்துக்குக் குறையாத குழாயை வைத்தபின், நம் கவனம் முழுவதும் அடைப்பின்மேல் இருக்க வேண்டும். வலை கட்டாவிட்டால் குஞ்சு போய்விடும். வலை கட்டினால் அடைத்துக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதுதான் இவ்வேலையின் நுட்பமெல்லாம்.

அமைக்கும் முறை

தொட்டியின் தரையை ஒரு மூலையை நோக்கிச் சற்றுச் சாய்வாக அமைக்கவும். அம்மூலையில் தரைக்குள் ஒரு 2 அங்குல எல்போவைப் பதித்து, அதிலிருந்து குழாயைச் சுவருக்கடியில் வெளியே கொண்டு செல்லவும். வழுவழுப்பான பி.வி.சி. குழாயைச் சிமெண்டு பற்றிக்கொள்ளாது; சில மாதங்களில் அவ்விடத்தில் கசிவு காணும். பதிக்கும் பகுதியை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, குழாய் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, அது காயுமுன் சலித்த மணலைத் தூவிவிட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகிப் பூச்சு இறுகப் பிடிக்கும். பல தொட்டிகளை வீணாக்கும் கசிவு, ஐந்து நிமிட நேரம் பிடிக்கும் இச்சிறு வேலையை விட்டதனால் வந்ததே.

எல்போவின் மேல்வாயில் நிலைக்குழாயைச் செருகவும். இதனை ஒட்டலாகாது. ஒட்டாமல் இறுகச் செருகி வைத்தால், தொட்டியைக் காலி செய்ய வேண்டியபோது குழாயைத் திருகி எடுத்துவிடலாம். தரையிலுள்ள கசடும் நீருடன் போய்விடும். நீர்மட்டம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு உயரத்தில் குழாயை அறுக்கவும். வாயை ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த வாயில் அரை விளிம்புதான் வேலை செய்யும். சுவரின் விளிம்பு இவ்வாயைவிட அரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும்.

நிலைக்குழாய் தனித்து நின்றால் மேல்நீரை மட்டுமே வெளியேற்றும். மேல்நீர் நல்ல நீர்; கழிவும் உண்ணாத தீனியும் தங்கிக் கெட்டுப்போவது அடிநீரே. ஆதலின் நிலைக்குழாயைச் சுற்றி 4 அங்குல உறைக்குழாய் ஒன்றை நிறுத்த வேண்டும். இதன் அடிப்புறத்தில் துளைகளிட்டு, மேல்வாயை நீர்மட்டத்துக்கு 2 அங்குலம் உயரமாக விட்டுவிடவும். நீர் அடித்துளைகளின் வழியே உறைக்குள் புகுந்து, மேலேறி, நிலைக்குழாயின் வாயில் வழியும். தொட்டிக்குப் புதுநீர் விடும்போதெல்லாம் கெட்ட நீர் தானாகவே வெளியேறும்.

துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உட்பரப்பைவிட மூன்று மடங்காவது இருக்கட்டும். 2 அங்குலக் குழாயின் உட்பரப்பு ஏறத்தாழ 3 சதுர அங்குலம். அரை அங்குலத் துளை 50 போட்டால் அதற்கு மூன்று மடங்கு கிடைக்கும். வளர்ந்த மீனுள்ள தொட்டிக்கு இது போதும். குஞ்சுத் தொட்டியாயின் உறைக்குழாயின் மேலேயே வலையை இறுகச் சுற்றுதல் தவறு. துளையிருக்கும் இடத்தில் மட்டும் நீர் வேகமாக இழுக்கப்படும். குஞ்சுகள் அங்கே ஒட்டிக்கொண்டு மடியும். உறையிலிருந்து 2 அங்குலம் தள்ளிக் கம்பிக்கூடு ஒன்று செய்து, அதன்மேல் நைலான் வலையைப் போர்த்த வேண்டும். வலையின் பரப்பு விரிய விரிய நீரின் இழுப்பு தளரும். குஞ்சும் ஒட்டாது, பாசியும் விரைவில் அடைக்காது.

இத்துடன் நின்றுவிடலாகாது. சுவரில், நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் மேலே, இரண்டாவது குழாய் ஒன்றைப் பதிக்க வேண்டும். முதற்குழாய் அடைத்துக்கொண்டால் மட்டுமே இது வேலை செய்யும். எப்போதும் உலர்ந்திருப்பதால் இதன் வலைக்கூட்டில் பாசி பிடிக்காது. வீட்டார் கண்ணில் படும் பக்கத்தில் இது நீரைக் கொட்டுமாறு வைத்தால், தண்ணீர் விழும் ஓசையே முதற்குழாயில் பழுது என்று அறிவித்துவிடும். இதற்கென மணியோ மின்கருவியோ வேண்டுவதில்லை.

புதுச் சிமெண்டுத் தொட்டியின் நீரில் சுண்ணாம்புக் காரம் மிகுந்திருக்கும். வாழைத்தண்டு துண்டுகளைப் போட்டு நீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு இறைத்து, மீண்டும் நிரப்பி இறைத்த பின்னரே மீன் விட வேண்டும். இந்நாட்களிலேயே உபரிநீர்க் குழாயையும் சோதித்துக்கொள்ளலாம்.

துளையிட முடியாத தொட்டிகள்

முன்பே கட்டிய தொட்டியை உடைக்க மனம் வராதவர்களும், கண்ணாடித் தொட்டி வைத்திருப்பவர்களும் வேறு வழியை நாடுவர். பதப்படுத்திக் கடினமாக்கிய கண்ணாடியில் துளையிட்டால் அது நொறுங்கிவிடும். இவர்களுக்கு உதவுவது, பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர்க் குழாயால் இறக்கும் அதே முறை.

தொட்டியின் உட்புறச் சுவரில் சிறு பெட்டி ஒன்றையும், வெளிப்புறச் சுவரில் மற்றொன்றையும் மாட்டவும். உட்பெட்டியின் விளிம்பு வேண்டிய நீர்மட்டத்தில் இருக்கட்டும். அதில் வழிந்து விழும் நீரை, சுவரின்மேல் கவிழ்ந்து செல்லும் வளைகுழாய் ஒன்று வெளிப்பெட்டிக்குக் கடத்தும். வெளிப்பெட்டியில் ஒரு நிலைக்குழாய் நிற்க வேண்டும்; அதன் வாய் உட்பெட்டியின் விளிம்பைவிட 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். வளைகுழாயின் இரு முனைகளும் இவ்வாய்க்கும் கீழே, நீரில் எப்போதும் மூழ்கியிருப்பது இன்றியமையாதது. அப்படி இருந்தால், வரும் நீர் நின்றுபோனாலும் வளைகுழாய் காலியாகாது. மறுபடி நீர் வந்தவுடன் தானே ஓடத் தொடங்கும். முனை ஒன்று நீருக்கு மேலே வந்துவிட்டால் காற்று புகுந்து ஓட்டம் அற்றுப்போகும். 2 அங்குல மட்ட வேறுபாட்டில் ஓர் அங்குல வளைகுழாய் மணிக்கு 1,000 லிட்டர் அளவுக்குக் கடத்தும்.

இதில் ஒரு குறையுண்டு. நீரிலுள்ள சிறு காற்றுக் குமிழ்கள் வளைவின் உச்சியில் மெல்ல மெல்லச் சேர்ந்து, ஒரு நாள் ஓட்டத்தை நிறுத்திவிடும். பெரிய குழாயாக வைத்தால் நல்லது என்று எண்ணுவோர் உண்டு. உண்மை இதற்கு மாறானது. குழாய் பெரிதானால் ஓட்டத்தின் வேகம் குறையும்; குமிழை அடித்துச் செல்லும் வலிமை அதற்கு இராது. ஒரு பெரிய குழாயைவிட இரண்டு சிறு குழாய்கள் மேல். ஒன்று நின்றாலும் மற்றது ஓடும். குழாய் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் காற்றுச் சேர்வதைக் கண்ணால் காணலாம். திறந்த வெளியில் மழை ஏற்கும் தொட்டிக்கு இதனை மட்டும் நம்புதல் கூடாது என்பது என் கருத்து. வீட்டுக்குள்ளிருக்கும் தொட்டிக்கு இது தகும்.

நீரைக் கீழ்த்தொட்டியில் வடித்து மோட்டாரால் மீண்டும் மேலேற்றுவோர் மின்தடையை நினைவில் கொள்ள வேண்டும். 4 அடி நீளம் ஒன்றரை அடி அகலமுள்ள கண்ணாடித் தொட்டியில் ஓர் அங்குலம் நீர் குறைந்தால் 14 லிட்டர் கீழே இறங்கும். கீழ்த்தொட்டியில் அதற்கான இடம் காலியாக இருக்க வேண்டும். மேலேற்றும் குழாயின் முனை நீருக்குள் ஆழ்ந்திருந்தால், மோட்டார் நின்றவுடன் அக்குழாயே நீரைப் பின்னோக்கி உறிஞ்சிக் கீழே விட்டுவிடும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அக்குழாயில் ஒரு சிறு துளையிட்டுவிட்டால், நீர் துளைவரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சுதல் நிற்கும்.

பழுது கண்டறிதல்

உறைக்குழாய் உள்ள தொட்டியில் பழுதைக் காண ஒரு பார்வை போதும். நீர் ஓடிக்கொண்டிருக்கும்போது உறைக்குள்ளே நீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, வெளியே எவ்வளவு நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் துளைகள் தெளிவாக உள்ளன. வெளிமட்டம் ஒரு விரற்கடை உயர்ந்திருந்தாலே அடைப்புத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். உறையை எடுத்துத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். இருமட்டமும் ஒன்றாகவே இருந்து, ஆனால் வழக்கத்தைவிட மேலேறி நின்றால், அடைப்பு நிலைக்குழாயிலோ வெளிக்குழாயிலோ இருக்கிறது. நத்தைகள் எல்போவில் கூடு கட்டினாற்போல் குவிந்துகிடப்பது அடிக்கடி காணும் காட்சி.

குழாய் கடகடவென்று சத்தமிடுவதும், நீர் சிறிது நேரம் ஏறிப் பின் திடீரென்று உறிஞ்சப்படுவதும் மற்றொரு பழுது. வெளிக்குழாய் நீளமாக இருந்து, உள்ளேயுள்ள காற்று வெளியேற வழியில்லாதபோது இது நேரும். தொட்டிக்கு வெளியே, குழாய் திரும்பும் இடத்தில் ஒரு டீயை இணைத்து, அதிலிருந்து தொட்டியின் விளிம்பு உயரத்துக்கு மெல்லிய குழாயொன்றைத் திறந்த வாயுடன் நிறுத்தினால் சத்தமும் உறிஞ்சலும் அடங்கும்.

நீர் நாளுக்கு நாள் குறைகிறதென்றால், அது கசிவா வெயிலில் ஆவியாவதா என்பதை முதலில் அறிய வேண்டும். ஒரு வாளியில் நீர் நிரப்பித் தொட்டிக்குள்ளேயே செங்கல்மேல் வைத்து, வாளியின் உட்புறத்திலும் தொட்டிச் சுவரிலும் கரிக்கோடு இடுங்கள். இரண்டு நாள் கழித்து இரண்டிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் போனது வெயிலுக்கே. தொட்டியில் மட்டும் அதிகம் இறங்கியிருந்தால், நிலைக்குழாய் செருகியுள்ள இடத்தை முதலில் பாருங்கள். பெரும்பாலும் அங்கே மணல் சிக்கியிருக்கும். சுவரைக் கொத்துவதற்கு முன் அதைத் துடைத்துச் செருகிப் பார்ப்பது நலம்.

வெளிமுனையும் ஊராட்சியின் பொறுப்பும்

குழாயின் வெளிமுனை தெருச் சாக்கடையின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். மூழ்கிய முனை வழியாக, வெள்ள நாளில் சாக்கடை நீர் தொட்டிக்குள் திரும்பி வரும். வடியும் நீரைத் தெருவில் தேங்கவிட்டால் கொசு பெருகும். வாழைக்கும் கீரைப் பாத்திக்கும் விட்டால் நல்ல உரநீராகும்.

ஏரிக்கோ வாய்க்காலுக்கோ நேரே விடுவதை ஊராட்சி உறுப்பினர்கள் தடுத்தாக வேண்டும். 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் இன்று நம் ஏரிகளெங்கும் பெருகி, நாட்டு மீன்களுக்குப் போட்டியாக நிற்கிறது. வளர்ப்பதற்குத் தடை விதிக்கப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நீர்நிலைகளுக்குள் புகுந்துள்ளது. கண்ணாடித் தொட்டியில் பாசி தின்னவென்று விடப்படும் முள்தோல் கொண்ட உறிஞ்சுவாய்க் கெளுத்தி வலையில் சிக்கினால், வலையைக் கிழித்துத்தான் எடுக்க நேரிடும். அதை வாங்குவாரும் இல்லை. மீன்பாசி ஏலத்தால் ஊராட்சிக்கு வரும் வருவாய் இம்மீன்களால் குறையும். ஒரு குஞ்சும் வெளியேறாதவாறு வெளிமுனையில் ஒரு சரளைக் குழி அமைப்பது இதற்கு ஏற்ற காவல். 2 அடி ஆழக் குழியில் கீழே கருங்கல் ஜல்லியும் மேலே மணலும் இட்டு, நீர் அதில் இறங்கிப் பாத்திக்குச் செல்லுமாறு செய்யலாம். மணல் இறுகி நீர் தேங்கத் தொடங்கினால் மேலடுக்கை மட்டும் வாரி மாற்றினால் போதும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. புரட்டாசி முடிவதற்குள் நிலைக்குழாயைக் கழற்றி எல்போவில் நீரை வேகமாக ஊற்றிப் பார்க்கவும், வலைக்கூட்டைப் புதுப்பிக்கவும், தொட்டிமேல் கவிந்துள்ள வேப்பங்கிளையைக் கழிக்கவும். பின்னர் முதற்குழாயின் வாயைத் துணியால் அடைத்து, மோட்டாரை ஓடவிட்டு, இரண்டாவது குழாய் ஒன்றே முழு நீரையும் தாங்குகிறதா என்று அருகில் நின்று பார்த்து, துணியை மறவாமல் எடுத்துவிட வேண்டும்.